அவதாரமா? பெண்கள் சங்கமா?

பெண்கள் சங்கம் என்ற பெயரைக் கேட்டவுடனேயே நமது கனவான்கள் பலருடைய உதட்டில் ஒரு சிறு நகை தோன்றுவதை நாம் அநேக இடங்களில் கண்டிருக்கின்றோம். "பெண்கள் நாலு பேர் கூடினால் என்ன பேசப் போகின்றார்கள்? புடவையைப் பற்றியும் நகையைப் பற்றியும் பேசுவார்கள். வருஷத்திற்கு ஒரு தரம் யாராவது ஒரு பெரிய உத்தியோகஸ்தரின் சம்சாரத்தை அழைத்து மாலை போட்டு, காப்பி பலகாரம் சாப்பிட்டு, போட்டோ எடுத்துக் கொண்டு கலைந்து போவார்கள். இதற்கு அரசியல் என்று ஒரு பெயர் வேறா?" என்பது இவர்களுடைய கேள்வியாகும். இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் பழைமைப் பிண்டங்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. மேடையேறிச் சமத்துவம் பேசிவிட்டு இறங்கி வருகின்றவர்களே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்கின்றார்கள். ஆதலால் இவர்களுக்கு வெறும் வாய்ப் பேச்சினால் பதில் சொல்லாமல், ஒரு ஊரில், ஒரு பெண்கள் சங்கம், எந்தெந்த வருஷத்தில் என்னென்ன வேலை செய்தது என்பதைக் கணக்கோடு எடுத்துக் காட்டுவதே தக்க பதிலாகும் என்று கருதுகின்றோம்.

அந்த ஊர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் பாகத்திலுள்ள அலபாமா மாகாணத்தின் தலைநகராகிய மாண்ட்கமரியாகும். அந்தச் சங்கத்தின் பெயர் பெண்கள் அரசியல் கவுன்சில். அது 1946-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. அதில் அங்கத்தினர்களாய் இருந்தவர்கள் கறுப்பு ஜாதியைச் சேர்ந்த பெண்கள்.

மாண்ட்கமரி என்றவுடன் படித்தவர்களுக்கு 1955-ம் வருஷத்துப் பஸ் பகிஷ்காரம் ஞாபகத்திற்கு வரும். ஆனால் அந்த ஞாபகம் எந்த மாதிரி வருகின்றது என்பதுதான் நமக்குச் சங்கடமாயிருக்கின்றது. "ரோசா பார்க்ஸ் என்று ஒரு தையல்காரப் பெண்மணி இருந்தாள், ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து களைத்துப் போய் பஸ்ஸில் உட்கார்ந்தாள், வெள்ளையனுக்கு இடம் விடு என்றான் டிரைவர், மாட்டேன் என்றாள், போலீஸார் பிடித்துக் கொண்டு போனார்கள், உடனே மார்ட்டின் லூதர் கிங் என்ற ஒரு பாதிரியார் தோன்றினார், அவர் பேசினார், ஜனங்கள் எழுந்தார்கள், அநீதி ஒழிந்தது" என்பதாகக் கதை சொல்லப்படுகின்றது. வாசகர்களே! இந்தக் கதையைக் கேட்கும்போது வேறு எதுவாவது உங்கள் ஞாபகத்திற்கு வருகின்றதா? பூமாதேவி பாரம் தாங்காமல் அழுதாள். பாற்கடலில் போய் முறையிட்டார்கள். ஒரு அவதாரம் பிறந்தது. அசுரன் மாண்டான் என்கின்ற புராணத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? புராணத்தில் தேவர்களும் முனிவர்களும் கைகட்டி நிற்பார்கள். இந்தக் கதையில் ஒரு ஊர் ஜனங்கள் முழுவதும் கைகட்டி நிற்கின்றார்கள். எல்லாம் ஒரு பெண்ணின் களைப்பினாலும் ஒரு ஆணின் நாவன்மையினாலும் நடந்து விட்டனவாம்!

உண்மையில் நடந்தது இதுவல்ல.

மேரி ஃபேர் பர்க்ஸ் என்பவர் மாண்ட்கமரியிலிருந்த அலபாமா ஸ்டேட் காலேஜில் இங்கிலீஷ் இலாகாவின் தலைவியாயிருந்தவர். அவருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் வீதியில் மோட்டார் சம்பந்தமாய் நேர்ந்த ஒரு அற்பத் தகராறுக்காகப் போலீஸார் அவரைப் பிடித்துக் கொண்டு போனார்கள். எவ்வளவு படித்திருந்தாலும், என்ன உத்தியோகம் பார்த்தாலும், வீதியில் இறங்கினால் தானும் மற்றக் கறுப்பர்களைப் போன்ற ஒருத்திதான் என்பது அவருக்கு அன்றைக்கு விளங்கிற்று. அந்தச் சமயத்தில் வெர்னன் ஜான்ஸ் என்ற பாதிரியார், கையில் கொஞ்சம் காசும் மேலில் நல்ல உடையும் இருந்தால் போதுமென்று அநீதியைப் பார்த்தும் பாராதவர்கள் போலிருந்த தமது சபையாரைக் கோவிலிலேயே வைத்துக் கண்டித்துப் பேசினார். கேட்டவர்கள் எல்லோரும் வீட்டிற்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். பர்க்ஸ் அம்மையார் மாத்திரம் வீட்டிற்குப் போய் யார் யாரைக் கூப்பிடலாம் என்று பார்த்தார். முதல் கூட்டத்திற்குச் சுமார் 40 பெண்கள் வந்தார்கள். அந்த ஊரில் வெள்ளைப் பெண்கள் வோட்டர்கள் சங்கம் ஒன்று நடத்திக் கொண்டிருந்தார்கள். அதில் கறுப்புப் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே இவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக் கொண்டார்கள்.

சங்கம் வைத்துக் கொண்டு என்ன செய்தார்கள்? முதலில் தாங்களே வோட்டர்களாகப் பதிவு செய்து கொள்ளப் போனார்கள். இது நமக்கு அற்பமாய்த் தோன்றலாம். அக்காலத்து அலபாமாவில் இது அற்பமல்ல. கறுப்பர் ஒருவர் வோட்டராக வேண்டுமானால் நீண்ட பாரங்களைப் பூர்த்தி செய்ய வேண்டும். எழுத்தறிவுப் பரீட்சை என்ற பெயரால் அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். வருஷத்திற்கு ஒன்றரை டாலர் தலைவரி கட்ட வேண்டும். முன் வருஷங்களில் கட்டாத பாக்கியிருந்தால் அதையும் சேர்த்துக் கட்ட வேண்டும். காலேஜில் பாடம் சொல்லிக் கொடுக்கின்ற பெண்ணையே எழுத்தறிவில்லாதவள் என்று திருப்பி அனுப்பத் துணிந்த பரீட்சை அது. இந்தப் பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டால் மறுபடியும் போனார்கள். தாங்கள் தேறிய பிறகு மற்றவர்களுக்குப் பாரம் பூர்த்தி செய்யக் கற்றுக் கொடுப்பதற்காகப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு நகர சபை என்றால் என்ன, சட்டம் எப்படிச் செய்யப்படுகின்றது, வோட்டின் மதிப்பு என்ன என்பவைகளைச் சொல்லிக் கொடுக்க ஒரு திட்டம் வகுத்து நடத்தினார்கள். 1955-ம் வருஷத்திற்குள் மூன்று கிளைகளும், கிளை ஒன்றுக்குச் சுமார் 100 பேர் வீதம் அங்கத்தினர்களும் ஏற்பட்டார்கள். இவற்றில் ஒன்றாவது பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வரத் தக்க காரியமா? ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் நடந்ததற்கெல்லாம் அஸ்திவாரம் இதுவேயாகும்.

நிற்க, பஸ் விஷயத்திற்கு வருவோம். மாண்ட்கமரிப் பஸ்களில் முன்னாலிருக்கும் 10 ஸ்தானங்கள் வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. பஸ்ஸில் ஒரு வெள்ளையர் கூட இல்லாவிட்டாலும் அந்த இடங்கள் காலியாகவே கிடக்க வேண்டும். கறுப்பர்கள் நின்று கொண்டு வர வேண்டும். அன்றியும், கறுப்பர்கள் முன் வாசலில் ஏறிக் காசைக் கொடுத்துவிட்டு மறுபடியும் இறங்கிப் பின் வாசலுக்குப் போய் ஏற வேண்டும். காசு கொடுத்தவர் பின் வாசலுக்கு வந்து சேருவதற்குள் டிரைவர் வண்டியை ஓட்டிக் கொண்டு போய்விடுவதும் உண்டு. காசுக்குத் தீட்டில்லை, காசு கொடுத்த கைக்குத்தான் தீட்டு! இத்தனைக்கும் அந்தப் பஸ்களில் பிரயாணம் செய்தவர்களில் நாலில் மூன்று பங்குப் பேர் கறுப்பர்களே. அவர்களிலும் பெரும்பாலார் வெள்ளையர் வீடுகளில் சமையல் வேலையும் வீட்டு வேலையும் பார்த்து வந்த பெண்கள். அதாவது யாருடைய காசில் பஸ் ஓடிற்றோ அவர்களுக்கே பஸ்ஸில் உட்காரப் பாத்தியமில்லை.

ஜோ ஆன் ராபின்சன் என்பவர் 1949-ல் அதே காலேஜுக்கு உபாத்தியாயினியாய் வந்தவர். அந்த டிசம்பர் மாதம் விடுமுறைக்குப் புறப்பட்டவர் அநேகமாய்க் காலியாயிருந்த ஒரு பஸ்ஸில் ஏறி முன் பக்கத்து வரிசை ஒன்றில் உட்கார்ந்து விட்டார். டிரைவர் எழுந்து வந்து அடிக்கப் போகின்றவனைப் போல் கையை ஓங்கிக் கொண்டு எழுந்திருக்கும்படி கத்தினான். ராபின்சன் அம்மையார் அழுது கொண்டே இறங்கி ஓடினார். திரும்பி வந்து சங்கத்தாரிடம் இதைச் சொன்னபோது, இது இந்த ஊரின் வாடிக்கைதானே என்று பதில் கிடைத்ததாம். கவனியுங்கள், சங்கம் வைத்திருந்த பெண்களுக்கே இது வாடிக்கையாய்ப் போயிருந்தது! அநீதிக்கு வாடிக்கை என்று பெயர் வந்துவிட்டால் பிறகு அதைக் காப்பாற்றப் போலீஸ் வேண்டியதில்லை. அனுபவிக்கின்றவர்களே காப்பாற்றிக் கொள்ளுவார்கள். 1950-ல் ராபின்சன் அம்மையார் அந்தச் சங்கத்தின் தலைவியானார். அன்று முதல் அந்த வாடிக்கையை ஒழிப்பதே சங்கத்தின் முக்கிய வேலையாயிற்று.

அதன் பேரில் நகர மேயர் கேய்ல் என்பவரிடமும் கமிஷனர்களிடமும் பல தடவை போனார்கள், மரியாதையாய்ப் பேசினார்கள். 1954-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் பள்ளிக்கூடங்களில் நிற வித்தியாசம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதற்கு நாலாம் நாள், மே 21-ந் தேதி, ராபின்சன் அம்மையார் சங்கத்தின் பேரால் மேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் கேட்டவை என்ன? கறுப்பர்கள் பின்னாலிருந்தும் வெள்ளையர்கள் முன்னாலிருந்தும் இடம் நிறையும் வரையில் உட்கார்ந்து கொண்டு வரட்டும், முன்னால் காசு வாங்கிக் கொண்டு பின்னால் போய் ஏறச் சொல்ல வேண்டாம், வெள்ளையர் குடியிருக்கும் பகுதிகளில் நிற்பது போலவே கறுப்பர் குடியிருக்கும் பகுதிகளிலும் முனைக்கு முனை பஸ் நிற்கட்டும், இவ்வளவுதான். அதே மாகாணத்திலுள்ள மொபீல் நகரத்தில் இந்த முறையில் உட்காருவது நடைமுறையில் இருக்கின்றது என்பதையும் எடுத்துக் காட்டினார். பிரயாணிகளில் நாலில் மூன்று பங்கு யார் என்பதை ஞாபகப்படுத்தி, பஸ்ஸில் ஏறாமலிருந்து விடலாமா என்று 25-க்கு மேற்பட்ட ஸ்தாபனங்களில் பேச்சு நடக்கின்றது என்பதையும் பணிவான பாஷையில் எழுதியிருந்தார்.

வாசகர்கள் இந்தக் கடிதத்தின் தேதியை மறந்துவிடக் கூடாது. ரோசா பார்க்ஸ் அம்மையார் பிடிக்கப்படுவதற்கு ஒன்றரை வருஷத்திற்கு முன்னாலேயே, கிங் பாதிரியார் அந்த ஊரில் முழு நேர வேலையைத் தொடங்குவதற்கு முன்னாலேயே, பகிஷ்காரம் என்ற யோசனை எழுத்து மூலமாய் மேயருடைய மேஜையின் மீது கிடந்தது. அதை அங்கே வைத்தது ஒரு பெண்கள் சங்கம்.

மேயர் மனமிரங்கவில்லை. பிறகு 1955-ம் வருஷம் மார்ச்சு மாதம் 2-ந் தேதி கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பள்ளிக்கூடப் பெண் எழுந்திருக்க மறுத்துப் போலீஸாரால் இழுத்துச் செல்லப்பட்டாள். அக்டோபரில் மேரி லூயி ஸ்மித் என்ற 18 வயதுப் பெண் பிடிக்கப்பட்டாள். டிசம்பர் 1-ந் தேதி வியாழக்கிழமை ரோசா பார்க்ஸ் அம்மையார் பிடிக்கப்பட்டார். அவரும் களைப்பினால் உட்கார்ந்திருந்த ஒரு சாதுப் பெண்ணல்ல. கறுப்பு மக்கள் முன்னேற்றத்திற்கான தேசிய சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் பல வருஷம் காரியதரிசி வேலை பார்த்தவர். தாம் அன்று உடல் களைத்திருக்கவில்லை, விட்டுக் கொடுத்து விட்டுக் கொடுத்தே களைத்துப் போயிருந்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கின்றார்.

அன்று இரவு, ஃப்ரெட் கிரே என்ற வாலிப வக்கீலின் மூலம் ராபின்சன் அம்மையாருக்குச் சேதி தெரிந்தது. அவர் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. காலேஜில் வியாபாரப் பாடப் பகுதியின் தலைவராயிருந்த ஜான் கேனன் என்பவரையும் இரண்டு மாணவர்களையும் கூட்டிக் கொண்டு நடு இரவில் காலேஜுக்குப் போய், அங்கிருந்த சைக்ளோஸ்டைல் யந்திரத்தில், திங்கட்கிழமை ஒருவரும் பஸ்ஸில் ஏறக் கூடாது என்கின்ற துண்டுப் பிரசுரத்தைப் பல பத்தாயிரக் கணக்கில் அச்சடித்தார். விடியற்காலை நாலு மணி சுமாருக்கு வேலை முடிந்தது. எட்டு மணிக்கு வழக்கம் போல் வகுப்புக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தார். வகுப்பு முடிந்ததும் மோட்டாரில் கட்டுகளை ஏற்றிக் கொண்டு புறப்பட்டார். எந்தெந்த முனையில் யார் நின்று வாங்குவது, எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கடை, எந்தத் தொழிற்சாலை, எந்த க்ஷவரக் கடைக்கு யார் கொண்டு போவது என்பதெல்லாம் சங்கத்தார் பல மாதங்களாய்ப் போட்டு வைத்திருந்த திட்டமாகும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திற்குள் அந்த ஊர்க் கறுப்பு மக்களில் அநேகமாய் எல்லோருக்கும் சேதி எட்டி விட்டது. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் அந்தத் துண்டுக் காகிதத்தைத் தன் எஜமானியிடம் காட்ட, அது பத்திரிகைக்குப் போய், பத்திரிகை அதைப் பெரிதாய்ப் போட, எட்டாத சிலருக்கும் வெள்ளைக்காரப் பத்திரிகையே எட்டச் செய்தது!

பாதிரிமார்கள் எப்பொழுது வந்தார்கள்? துண்டுப் பிரசுரம் ஊர் முழுதும் பரவிய பிறகு வந்தார்கள். தங்கள் சபையார் திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறப் போவதில்லை என்பது நிச்சயமாகிவிட்டது. இனி முன்னால் போய் நிற்பதா, பின் தங்கிப் போவதா என்பது ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சமிருந்த கேள்வி. முன்னால் போய் நிற்பது என்று தீர்மானித்தார்கள். அதற்காக நாம் அவர்களைப் பாராட்டவே செய்கின்றோம். ஆனால் திங்கட்கிழமை பகலில் நடந்த தலைவர்கள் கூட்டத்தில், வெள்ளையருக்குத் தெரியாமல் இரகசியமாய் இதை நடத்திக் கொள்ளலாமா என்று சிலர் யோசனை சொன்னார்கள். இ. டி. நிக்சன் என்ற தொழிற்சங்கத் தோழர் எழுந்து, வெளுக்கப் போகும் பெண்களின் காசில் இத்தனை காலம் வயிறு வளர்த்துவிட்டு இப்பொழுது அவர்களுக்காக வெளியில் தலை காட்டவும் பயமா என்ற கருத்தில் கடுமையாய்ப் பேசிய பிறகுதான் அவர்களுக்கு ரோஷம் வந்தது. அன்று இரவு பல ஆயிரம் பேர் கூடிய பெருங்கூட்டத்தில் கிங் பேசினார். அவருக்கு அப்பொழுது வயது 26. ரோசா பார்க்ஸ் அம்மையார் மேடையில் இருந்தார். தாம் ஏதாவது பேச வேண்டுமா என்று அவர் கேட்டதற்கு, நீங்கள் பட்டதும் சொன்னதும் போதும் என்று சொல்லி உட்கார வைத்து விட்டார்கள். இதை அவரே தமது சரித்திரத்தில் எழுதியிருக்கின்றார்.

அன்று தொடங்கிய பகிஷ்காரம் 381 நாள் நடந்தது. சுமார் 40,000 பேர் நடந்தார்கள். அல்லது சுமார் 300 சொந்த மோட்டார்களைக் கொண்டு ஏற்படுத்திக் கொண்ட ஏற்பாட்டில் போய் வந்தார்கள். அந்த மோட்டார்களை ஓட்டியவர்களில் ராபின்சன் அம்மையாரும் ஒருவர். புதிதாய் ஏற்பட்ட இயக்கத்தின் செய்திப் பத்திரத்தை எழுதியவரும் அவரே. நகர சபையோடு பேரம் பேசப் போன குழுவில் இருந்தவரும் அவரே. 1956-ம் வருஷம் பிப்ரவரியில் சுமார் 89 பேர் மீது வழக்குத் தொடுத்தபோது அதிலும் அவர் இருந்தார். அவருடைய வீட்டு ஜன்னல் கல்லால் உடைக்கப்பட்டது. அவருடைய மோட்டாரின் மேல் திராவகம் ஊற்றப்பட்டது. ஊற்றியவர்கள் போலீஸ் உடையிலிருந்தவர்கள் என்று அவர் எழுதியிருக்கின்றார். ஓட்டை விழுந்த அந்த மோட்டாரையே அவர் பெருமையோடு ஓட்டிக் கொண்டிருந்தார்.

பணம் எங்கிருந்து வந்தது? இதற்கும் பெண்கள் சங்கமே பதில் சொல்லுகின்றது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி, தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்துக் கொண்டு, வீட்டில் கேக்கும் பலகாரமும் செய்து விற்று வாரந்தோறும் பொதுக் கூட்டத்தில் பணத்தைக் கொண்டு வந்து கொட்டினார். அந்தச் சங்கத்திற்கு "எங்கிருந்தும் வராத சங்கம்" என்று பெயர். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லிவிடலாமல்லவா? பலகாரம் செய்த பெண்களின் பெயர் வெளிவந்தால் மறுநாள் அவர்களுக்கு வேலை போய்விடும். வாங்கித் தின்றவர்களில் வெள்ளையர்களும் இருந்தார்கள். அதாவது பகிஷ்காரத்தை ஒழிக்க வேண்டுமென்று சொல்லிக் கொண்டிருந்தவர்களின் பணமும் கேக்கின் வழியாய்ப் பகிஷ்காரத்திற்கே வந்து சேர்ந்தது. பெண்கள் கூடினால் பலகாரம்தான் என்று சிரிக்கும் கனவான்கள் இந்தப் பலகாரத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்பார்களாக!

கடைசியில் வெற்றி வந்தது நீதிமன்றத்தின் மூலமாயாகும். அந்த வழக்கில் கடைசி வரையில் வாதிகளாய் நின்றவர்கள் நாலு பேர். நாலு பேரும் பெண்கள். ஔரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்டு, கிளாடெட் கால்வின், மேரி லூயி ஸ்மித் என்பவர்கள். 1956-ம் வருஷம் நவம்பர் 13-ந் தேதி தலைமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பை உறுதிப்படுத்திற்று. டிசம்பர் 21-ந் தேதி முதல் யாரும் எங்கேயும் உட்காரலாம் என்றாயிற்று. 1954-ல் அந்தச் சங்கம் கேட்டது பின்னாலிருந்து உட்கார்ந்து கொண்டு வரும் உரிமை மாத்திரமே. அதைக் கொடுத்திருந்தால் மேயருடைய வர்ண பேதச் சட்டம் இன்னும் கொஞ்ச காலமாவது உயிரோடு இருந்திருக்கும். அற்பத்தை மறுத்தவர்கள் முழுவதையும் இழந்தார்கள். ஆதிக்கக்காரர்களின் புத்தி எங்கும் இப்படித்தான் வேலை செய்கின்றது.

இனி, இதன் மீது சொல்லப்படும் ஆட்சேபணைகளைக் கவனிப்போம்.

"அவ்வளவு வேலை செய்தவர்கள் ஏன் தங்கள் பெயரைப் போட்டுக் கொள்ளவில்லை? ஒளிந்து கொண்டிருந்துவிட்டு இப்பொழுது புகழ் கேட்பானேன்?" என்பது ஒன்று. இதற்கு விடை அவர்களுடைய சம்பளத்தில் இருக்கின்றது. பாதிரிமார்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் கறுப்பு ஜனங்கள். ஆகவே சர்க்கார் அவர்கள் சோற்றில் கை வைக்க முடியாது. இந்தப் பெண்களில் முக்கியமானவர்கள் சர்க்கார் பணத்தில் நடந்த காலேஜின் உபாத்தியாயினிகள். துண்டுப் பிரசுரம் அச்சடிக்கப்பட்ட காகிதமே சர்க்கார் காகிதம். காலேஜ் தலைவர் ராபின்சன் அம்மையாரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, அவர் உண்மையைச் சொல்லி, காகிதத்திற்குப் பணம் கட்டி விடுவதாகவும் ஒப்புக் கொண்டார். தலைவரோ திரைக்குப் பின்னாலிருந்து ஜாக்கிரதையாய் வேலை செய்யும்படி சொன்னார். அவர்கள் பயந்ததும் வீண் பயமல்ல. 1960-ல் அந்தக் காலேஜ் மாணவர்கள் சமபந்திக் கிளர்ச்சி செய்தபோது சர்க்கார் பார்வை உபாத்தியாயர்கள் மீது திரும்பிற்று. அந்த வருஷத்திலேயே பர்க்ஸும் ராபின்சனும் மற்றும் பலரும் வேலையை விட்டு ஊரை விட்டே போக நேர்ந்தது. ஆகவே பெயரை மறைத்துக் கொண்டது கோழைத்தனமல்ல. அந்த வேலைக்கு அவர்கள் கொடுத்த விலையேயாகும். விலையைக் கொடுத்தவர்களைப் பார்த்து, உங்களிடம் ரசீது இல்லையே என்று சரித்திரம் கேட்பது நியாயமா என்று கேட்கின்றோம்.

"அப்படியானால் கிங்கைக் குறைத்துப் பேசுகின்றீர்களா?" என்பது மற்றொன்று. இல்லை. அவருடைய தைரியமும் தியாகமும் உலகம் அறிந்தவை. 1958-ல் அவர் எழுதிய புஸ்தகத்தில், அந்தக் கிளர்ச்சியின் எல்லாப் படிகளிலும் ராபின்சன் அம்மையாரைப் போல் உழைத்தவர் வேறொருவர் இருப்பது அரிது என்ற கருத்தை அவரே சொல்லியிருக்கின்றார். ஆகவே நமது வழக்கு அவர் மீதல்ல. ஒரு மனிதரை அவதாரமாக்கி அவர் காலடியில் மற்ற எல்லோரையும் புதைத்து விடுகின்ற பக்தர்கள் மீதேயாகும். ராபின்சன் அம்மையார் தம் கதையைத் தாமே புஸ்தகமாய் எழுதி அது 1987-ல் வெளிவரும் வரையில், அந்தப் பெண்கள் செய்த வேலையை வெளியுலகம் அறிந்தது மிகச் சொற்பமே.

மூன்றாவது ஆட்சேபணை நம்முடையதே. சங்கம் என்பதற்காக நாம் கண்ணை மூடிக் கொண்டு புகழ்வதாயில்லை. மார்ச்சு மாதத்திலேயே கால்வின் என்ற சிறு பெண் எழுந்திருக்க மறுத்தாளே, அவளுக்காக ஊர் ஏன் நடக்கவில்லை? அவள் சிறுமி, ஏழை வீட்டுப் பெண், அடக்கமில்லாதவள், பிறகு மணமாகாமலே கர்ப்பமானவள். ஆகவே வழக்குக்கு ஏற்றவளல்ல என்று ஊர்த் தலைவர்கள் முடிவு செய்தார்கள். சங்கமும் அப்பொழுது பொறுத்துக் கொண்டது. எதிரி தூஷிக்க இடமில்லாத ஒரு பெண் வேண்டுமென்று காத்திருந்தது தந்திரமாயிருக்கலாம். ஆனால் "நல்ல பெண்" என்றால் இன்னாள் என்று எதிரி வைத்திருக்கும் அளவுகோலையே நாமும் எடுத்துக் கொண்டு நம் பெண்களை அளப்பதாயிற்றே! படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் கூடிய சங்கங்களுக்கு இயல்பாய் வரும் வியாதி இது. அதே பெண் மறு வருஷம் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லித்தான் அந்தச் சட்டம் வீழ்ந்தது. சிறு வயதில் அவள் மீது எழுதப்பட்ட குற்றப் பதிவை நீதிமன்றம் அழித்தது 2021-ம் வருஷத்தில். அப்பொழுது அவருக்கு 82 வயது. மரியாதையுள்ள பெண்களுக்கு மாத்திரம் மானம் உண்டு என்று ஒரு சங்கம் நினைக்குமானால் அதன் வேலை பாதியிலேயே நின்று போகும் என்பதற்கு இதுவே போதிய சாட்சி.

ஆகவே தோழர்களே! நாம் சொல்ல வந்தது இதுதான். வியாழக்கிழமை பிடிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்காகத் திங்கட்கிழமை ஒரு ஊர் முழுதும் நடந்தது என்றால், நடுவிலிருந்தது மூன்று பகல் அல்ல, ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷமும் அங்கத்தினர் ஜாபிதாவாகவும், பூர்த்தி செய்த பாரங்களாகவும், பதில் வராத மனுக்களாகவும், தெரு முனைகளின் கணக்காகவும் இருந்தன. அவதாரம் வரும் என்று நம்புகின்றவனுக்கு இந்த வேலையெல்லாம் அவசியமில்லை. வானத்தைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவதாரம் வராது என்று தெரிந்தவர்கள் சங்கம் வைக்கின்றார்கள்.

இனி யாராவது ஒரு கனவான், ஒரு சிறு ஊரில் பத்துப் பெண்கள் கூடிச் சங்கம் வைத்திருப்பதைப் பார்த்துச் சிரிப்பாரானால், அவரை ஒன்று மாத்திரம் கேட்கும்படி நம் சகோதரிகளைக் கேட்டுக் கொள்ளுகின்றோம். "ஐயா, நாளைக் காலையில் இந்த ஊர் முழுதும் ஒரு காரியத்திற்காக எழுந்து நிற்க வேண்டுமானால், இன்று இரவுக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் சேதி கொண்டு போக உங்களிடம் ஆளிருக்கின்றதா? எங்களிடம் இருக்கின்றது" என்று சொல்லத் தக்க நிலைமையில் ஒரு பெண்கள் சங்கம் இருக்குமானால் அதுவே அரசியல். மாலையும் காப்பியும் யார் சாப்பிட்டாலென்ன?